செயற்கைக் கால், காலிப்பர் பராமரிப்புக்காகச் சட்டமன்றத்தை அணுகுவது எப்படி?

என் வீட்டுப் பரண்மேல், பழைய பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில், இரண்டு செயற்கைக் கால்கள் கிடக்கின்றன. முதலாவது, முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட நான்காம் மாதத்தில் ஒரு முகாமில் அளவெடுத்துக் கொடுக்கப்பட்டது. எட்டு மாதங்களில் எஞ்சிய காலின் வீக்கம் வடிந்து, தசை சுருங்கி, அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்ட சிறுவனின் பாதம்போலச் சாக்கெட்டுக்குள், அதாவது எஞ்சிய கால் நுழையும் குழிக்குள், கால் ஆடத் தொடங்கியது. மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்காவது உறை போட்ட வாரத்தில் புண் வந்தது. புதிய சாக்கெட் கேட்டுப் போன அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உங்களுக்குத்தான் போன வருஷமே கொடுத்தாச்சே?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையில் இருந்த விதி அப்படி.

மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டமான ஏ.டி.ஐ.பி., ஒரே தேவைக்கு மூன்று ஆண்டுகளுக்குள் இன்னொரு முறை உதவி பெற முடியாது என்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் அந்த இடைவெளி ஓராண்டு. மிதிவண்டிக்கோ தையல் இயந்திரத்துக்கோ இப்படி ஒரு விதி இருப்பதில் தவறில்லை. ஆனால் கால் எடுத்த முதல் ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ எஞ்சிய காலின் அளவு மாறத்தான் செய்யும். அப்போது சாக்கெட்டையும் மாற்றத்தான் வேண்டும். அரசு இதைப் பொருள் வழங்கும் திட்டமாகப் பார்க்கிறது. இதை மருத்துவப் பராமரிப்பாகப் பார்க்க வைப்பதே நாம் செய்ய வேண்டிய வேலை. சட்டமன்றத்திடமும் நாடாளுமன்றத்திடமும் எதைக் கேட்கப் போனாலும் இந்த ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே வருவது, தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் சில ஆண்டுகளாக மனு எழுதியும் எழுதிக் கொடுத்தும் நான் கற்றுக்கொண்ட வழிமுறை.

எந்தக் கதவைத் தட்டுவது

பலருடைய மனு முதல் மாதத்திலேயே செத்துப்போவதற்குக் காரணம், அது தவறான இடத்துக்குப் போவதுதான். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 9-ஆவது இனம், மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணத்தை மாநிலத்தின் பொறுப்பாக்குகிறது. 6-ஆவது இனமான பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலத்துடையவையே. ஆகவே மாவட்டத்தில் செயற்கை அவயப் பழுதுநீக்கும் நிலையம் வேண்டும், சாக்கெட் மாற்றத்துக்கு நிதி வேண்டும், அரசு மருத்துவமனையில் தகுதி பெற்ற ப்ராஸ்தடிஸ்ட் (செயற்கை உறுப்பு வல்லுநர்) பணியிடம் வேண்டும் என்ற கோரிக்கைகள் எல்லாம் சென்னைக்குப் போக வேண்டியவை. ஏ.டி.ஐ.பி.யின் மூன்று ஆண்டு விதியை மாற்றுவது டெல்லியின் வேலை, அதை எம்.எல்.ஏ.விடம் கொடுத்தால் அவர் அன்போடு வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

வரி வேறு கதவு. செயற்கை உறுப்புகளையும் எலும்புமுறிவுக் கட்டுகளையும் உள்ளடக்கிய வகைக்கு இருந்த 12 விழுக்காடு ஜி.எஸ்.டி., 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்த முடிவை எடுத்தது, மாநில நிதி அமைச்சர்களும் உட்காரும் ஜி.எஸ்.டி. மன்றம். தனியார் மருத்துவக் காப்பீட்டில், இடுப்புப் பெல்ட், கழுத்துப் பட்டை, முழங்கால் பிரேஸ், சர்க்கரை நோயாளிகளுக்கான காலணி, நடைக்கருவி ஆகியவை பணம் தரத் தேவையில்லாத பொருட்களின் பட்டியலில் இருக்கின்றன. அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நெறியிலிருந்து வருவது. அதை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக நிதி அமைச்சகத்திடம்தான் எழுப்ப வேண்டும்.

புதிய சட்டம் வேண்டும் என்று தொடங்காதீர்கள்

கூட்டங்களில் யாராவது எழுந்து "தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும்" என்றால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதன் 24-ஆவது பிரிவில் உதவி உபகரணங்களையும் சீர்செய்யும் அறுவை சிகிச்சையையும், அரசு அறிவிக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு, இலவசமாகத் தரத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. 17-ஆவது பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை பொருத்தமான உதவி உபகரணங்களை இலவசமாக வழங்கச் சொல்கிறது. 27-ஆவது பிரிவு மறுவாழ்வு பற்றியது. இவற்றுள் 24-க்கும் 27-க்கும் ஒரு கொக்கி உண்டு: "பொருளாதாரத் திறனின் வரம்புக்குள்" என்ற சொற்றொடர். நிதி இல்லை என்று அரசு சொல்ல அது இடம் கொடுக்கிறது. நாம் கேட்க வேண்டியதெல்லாம், இந்தப் பிரிவுகளின் கீழ் ஓர் அரசாணையும் பட்ஜெட்டில் அதற்கென ஒரு தலைப்பும். இதில் மேடைக் கவர்ச்சி இல்லை, ஆனால் நடக்கக்கூடியது.

17-ஆவது பிரிவில் அந்தக் கொக்கி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வளரும் குழந்தைக்குச் செயற்கைக் காலும், வலுவில்லாத காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டமான காலிப்பரும் சிறுவயதில் ஏறத்தாழ ஆண்டுதோறும் சிறியதாகிப்போகும். ஆகவே முதல் கோரிக்கையை எங்கே தொடங்குவது என்று தயங்குபவர்களிடம், பள்ளிக் குழந்தைகளிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். அமெரிக்காவில் இதற்காகப் போராடியவர்களும் அப்படித்தான் செய்தார்கள்: ஓடவும் விளையாடவும் தனிச் செயற்கை உறுப்பு வேண்டும் என்பதை எல்லா வயதினருக்கும் கேட்காமல், மெய்ன் மாநிலத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் காப்பீட்டில் சேர்க்கக் கேட்டார்கள், 2022-இல் அது சட்டமானது. அதைக் காட்டித்தான் மற்ற மாநிலங்களில் பெரியவர்களுக்கும் கேட்டார்கள்.

கணக்கு இல்லாமல் போகாதீர்கள்

"நிறையப் பேர் கஷ்டப்படுகிறார்கள்" என்ற வாக்கியத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்களில் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 2.87 லட்சம் பேர். இந்த எண்கள் முன்னுரைக்கு உதவும். ஆனால் உங்கள் தொகுதியின் எண்தான் வேலை செய்யும், அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் பெற வேண்டும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் எழுதுங்கள். கேள்விகள் "ஏன்" என்று தொடங்கக் கூடாது. விளக்கம் கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் வழங்கப்பட்ட செயற்கைக் கால்கள் எத்தனை, காலிப்பர்கள் எத்தனை. பழுதுநீக்கத்துக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு. சாக்கெட் மாற்றம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்றவை எத்தனை. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற ப்ராஸ்தடிஸ்ட் அல்லது ஆர்த்தடிஸ்ட் (காலிப்பர் போன்ற தாங்கிகளுக்கான வல்லுநர்) பணியிடம் மாவட்டத்தில் எத்தனை, காலியாக உள்ளவை எத்தனை என்று எண்ணாக மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பதில், "பழுதுநீக்கத்துக்கெனத் தனி ஒதுக்கீடு ஏதும் இல்லை" என்ற ஒற்றை வரிதான். முத்திரையுடன் வந்த அந்தக் காகிதத்தை அதன்பின் ஒவ்வொரு மனுவிலும் இணைத்தேன்.

இன்னொரு கணக்கை நாமே எடுக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் செயற்கைக் கால் பெற்ற முப்பது பேரின் வீட்டுக்குப் போய், இன்று அதை அணிகிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் காரணத்தை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: சாக்கெட் தளர்ந்தது, பாதம் வெடித்தது, பெல்ட் அறுந்தது, புண். காலிப்பர் அணிபவர்களைத் தவறாமல் சேர்க்க வேண்டும். இந்தியாவில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014-இல் நாடு போலியோ இல்லாதது என்று சான்று பெற்றது. அதிலிருந்து அதிகாரிகள் மனத்தில் காலிப்பர் என்பது முடிந்துபோன கதையாகிவிட்டது. ஆனால் சின்ன வயதில் போலியோ வந்தவர்கள் இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறார்கள். முழங்கால் பூட்டுத் தேய்ந்த காலிப்பருடன் பேருந்துப் படியேறுகிறார்கள். தோல் வாரைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்கிறார்கள். அந்தச் செலவு உங்கள் கணக்கில் வர வேண்டும்.

கோரிக்கை ஒரே வாக்கியம்

மனுவின் நடுவே ஒரு வாக்கியத்தை மட்டும் அடிக்கோடிட வேண்டும் என்றால் எதை அடிக்கோடிடுவீர்கள்? அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை அதைச் சுற்றி எழுதுங்கள். பதினைந்து கோரிக்கைகள் கொண்ட மனு, எதுவும் கேட்காத மனுவுக்குச் சமம். அவற்றில் எளிதானதை, அதாவது "விழிப்புணர்வு முகாம் நடத்துதல்" என்பதை, நிறைவேற்றிவிட்டுக் கோப்பை முடித்துவிடுவார்கள். இதுவும் எனக்கு நடந்ததுதான்.

நாங்கள் பல முறை அடித்துத் திருத்திக் கடைசியில் வைத்துக்கொண்ட மனுவின் உடல் இப்படி இருந்தது:

"பொருள்: செயற்கை அவயங்கள், காலிப்பர்கள் – பொருத்திய பின் பராமரிப்பு – மாவட்ட அளவில் நிதி ஒதுக்கீடு – அரசாணை வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவுகள் 17, 24 மற்றும் 27. 2. மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரின் பதில் (நகல் இணைப்பு).

ஐயா, வணக்கம். கால் நீக்க அறுவை சிகிச்சைக்குப் பின் எஞ்சிய காலின் அளவு மாறுவதால் முதலில் பொருத்தப்படும் சாக்கெட் ஓராண்டுக்குள் தளர்ந்துவிடுகிறது. பார்வை இரண்டில் காணும் பதிலின்படி நமது மாவட்டத்தில் பழுதுநீக்கத்துக்குத் தனி ஒதுக்கீடு இல்லை. நாங்கள் நேரில் சந்தித்த முப்பது பயனாளிகளில் எத்தனை பேர், என்ன காரணத்தால் உபகரணத்தை அணியவில்லை என்பது இணைப்பில் உள்ளது. எனவே, செயற்கை அவயமோ காலிப்பரோ பெற்ற ஒவ்வொருவருக்கும் முதல் 18 மாதங்களுக்குள் ஒரு சாக்கெட் மாற்றமும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை பழுதுநீக்கமும், பதிவு பெற்ற வல்லுநரைக் கொண்டு மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கும் வகையில் அரசாணை வெளியிட்டு நிதி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஒரு பக்கம்தான். இணைப்புகள் மூன்று. கையொப்பமிட்டவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் தனித்துவ அடையாள அட்டை வைத்திருக்கிறார்கள் என்ற குறிப்பும் போதும். யாருடைய மருத்துவ அறிக்கையையும் பொது மனுவில் இணைக்காதீர்கள், அது கை மாறி எங்கெங்கோ போகும். செலவுக்குச் சான்று கேட்டால் நீதிமன்றமே துணைக்கு வரும்: 2022 டிசம்பரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், செயற்கைக் காலின் ஆயுள் ஐந்தாறு ஆண்டுகள்தான் என்பதையும் அதற்கு இடையிடையே பழுதுநீக்கம் தேவைப்படுவதையும் கணக்கில் எடுத்துத்தான் தொகையை வகுத்தது.

ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டிய இன்னொரு காகிதம், கிராம சபைத் தீர்மானம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது; கூட்டப் பொருளில் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் அரை மணி நேர வேலை. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாவதற்கு வழி செய்தன. அப்படி வந்தவர் உங்கள் மன்றத்தில் இருந்தால் தீர்மானத்தை அவரே முன்மொழியட்டும்.

எம்.எல்.ஏ.வைச் சந்திக்கும்போது

ஐந்து பேருக்கு மேல் போகாதீர்கள். செயற்கைக் கால் அணிபவர் ஒருவர், காலிப்பர் அணிபவர் ஒருவர், ஒரு குழந்தையின் தாயோ தந்தையோ, முடிந்தால் சாக்கெட் வார்க்கும் வல்லுநர் ஒருவர், எழுதத் தெரிந்த ஒருவர் போதும். உபகரணம் விற்கும் நிறுவனத்தின் ஆளை அழைத்துப் போகாதீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அறைக்குள் அவர் இருந்தால் கேட்கிறது நாமா கடையா என்ற ஐயம் வந்துவிடும். உறுப்பினருக்கு வணக்கம் சொல்வதற்கு முன் அவருடைய உதவியாளரிடம் பேசி, அவர் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதம் நாம் பேசப்போவது பெரும்பாலும் அவருடன்தான்.

முதல் சந்திப்பில் நான் அட்டவணைகளோடு போனேன். இரண்டாம் முறை, முன்பாதம் வெடித்துப்போன பழைய காலைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போய் மேசைமேல் வைத்தேன். உறுப்பினர் அட்டவணையைப் பார்த்ததைவிட அதை நெடுநேரம் பார்த்தார். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது போன வருஷம் கொடுத்ததுதானே தம்பி?"

"அதுக்கும் முந்தின வருஷங்கண்ணே. வயல்ல நடக்கிற கால், இவ்வளவு நாள் வந்ததே பெரிசு."

"சரி, உனக்குப் புதுசா ஒண்ணு நான் வாங்கித் தர்றேன்."

இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். அவர் மனமிரங்கித்தான் சொல்கிறார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தால் தொகுதி மேம்பாட்டு நிதியிலேயே செயற்கை உறுப்புகள் வாங்க நெறிமுறையில் இடம் உண்டு. ஒரு வாரத்தில் விழா, மாலை, புகைப்படம். நம் மனு அந்தப் புகைப்படத்தோடு முடிந்துவிடும். நான் சொன்ன பதில்: "எனக்கு வேணாங்கண்ணே, பட்டியல்ல பத்தொன்பது பேர் இருக்காங்க. எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தாலும் அடுத்த வருஷம் இதே மேசைக்குத்தான் கொண்டுவருவோம். சட்டசபையில ஒரு கேள்வி கேளுங்க, அது போதும்." உடனே கால் தேவைப்படுபவர் யாராவது குழுவில் இருந்தால் அவர் வாங்கிக்கொள்ளட்டும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கோரிக்கையை மட்டும் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடக் கூடாது.

கேள்வியை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கேள்வி, இரண்டு துணைக்கேள்விகள், அவற்றுக்கு அடியில் தகவல் உரிமைப் பதிலின் வரி. ஆளுங்கட்சி உறுப்பினர் அமைச்சரைச் சங்கடப்படுத்தும் கேள்வியைக் கேட்க மாட்டார். அவருக்கு "அரசு ஆவன செய்யுமா" என்ற வடிவில் எழுதிக் கொடுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினருக்கு எண்ணைக் கொடுத்தால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். இருவரிடமும் போவதை இருவரிடமும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

நாட்காட்டி

பட்ஜெட் வாசித்த பிறகு மனு கொடுப்பது, பந்தி முடிந்த பிறகு இலை கேட்பது போன்றது. தமிழ்நாட்டில் பட்ஜெட் பொதுவாகப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வருகிறது; அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம், நடக்கிறது. புதிய திட்டங்களுக்கான முன்மொழிவுகளைத் துறைகள் நிதித்துறைக்கு அனுப்புவது அதற்குச் சில மாதங்கள் முன்னரே. எனவே துறைச் செயலாளருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கும் மனு அக்டோபர், நவம்பரிலேயே போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுத்து எண் பெற்றுக்கொண்டால், மாவட்டத்திலிருந்தும் ஒரு கடிதம் மேலே போகும்.

மானியக் கோரிக்கை அன்று பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பை அவசியம் படியுங்கள். சென்ற ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செயற்கை அவயம் பற்றிய பத்தியில் எது மாறியது, எது சொல் மாறாமல் அப்படியே திரும்ப வந்திருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். அந்த விவாதத்தில் உறுப்பினர்கள், ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வடிவில் ஒரு குறையைச் சுட்டும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். நம் ஒரு வாக்கியம் அதில் ஏறினால் அச்சில் வந்துவிடும். விவாத முடிவில் அமைச்சரின் பதிலுரையும் புதிய அறிவிப்புகளும் வரும். அறிவிப்பாக இல்லாவிட்டாலும், "இது குறித்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அமைச்சர் அவையில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அந்த வாக்கியத்தை நாளோடு குறித்துவைத்து, பேரவையின் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதலாம். சொன்னது நடந்ததா என்று துறையை அழைத்துக் கேட்பதற்கென்றே இருக்கும் குழு அது.

தமிழ்நாட்டு அரசிடம் இதைப் பேசுவதற்கு நல்ல வாதம் ஒன்று அதன் திட்டத்திலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அப்படி உயிர் பிழைத்தவர்களில் கால் இழந்தவரின் நாற்பத்தொன்பதாவது மணி நேரம் யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள். ஏளனமாகக் கேட்க வேண்டாம். அந்தத் திட்டத்தைத் தங்கள் சாதனையாக நினைப்பவர்களிடம் அதன் மறுபாதியைக் கேட்பதாகவே அது இருக்கட்டும்.

மனுக்கள் குழுவும் ஆணையரும்

சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது ஆட்சியர் வழியாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். பலர் "எனக்குக் கால் வேண்டும்" என்று எழுதிப்போட்டு ஏமாறுகிறார்கள். தனிநபர் குறை, நலத்திட்ட உதவி வேண்டுதல், வேலைவாய்ப்பு, ஓய்வூதியம், நீதிமன்றத்தில் உள்ள விஷயம் ஆகியவற்றைக் குழு எடுத்துக்கொள்ளாது. நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும்; ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக. நம் கோரிக்கையில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் மக்கள் நல்வாழ்வுத்துறையும் கலந்திருப்பதால், நிதி ஒதுக்கீட்டை ஒரு மனுவாகவும் மருத்துவமனைப் பணியிடத்தை இன்னொரு மனுவாகவும் பிரித்தே எழுத வேண்டும். நகல்களின் எண்ணிக்கை அறிவிப்பில் இருக்கும்; கேட்டதைவிட ஒன்று கூடுதலாகக் கொண்டுபோய் அதில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டமன்றத்துக்கு வெளியே ஒரு பல்லுள்ள இடம், உரிமைகள் சட்டத்தின் 79-ஆவது பிரிவின் கீழ் உள்ள மாநில ஆணையர். சட்டத்துக்கு முரணான விதியோ கொள்கையோ இருந்தால் அதைச் சுட்டித் திருத்தப் பரிந்துரைக்கும் அதிகாரம் 80-ஆவது பிரிவில் அவருக்கு உண்டு. 81-ஆவது பிரிவின்படி, பரிந்துரை பெற்ற துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காரணம், அடுத்த கூட்டத்தொடரின் கேள்விக்கு மூலப்பொருள். மேலும், 66-ஆவது பிரிவின் கீழ் அமையும் மாநில ஆலோசனை வாரியத்தில், மேலவை இல்லாத தமிழ்நாட்டில், பேரவை தேர்ந்தெடுக்கும் மூன்று எம்.எல்.ஏ.க்கள் இருக்க வேண்டும். வாரியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அந்த மூவர் யார் என்று தெரிந்துகொண்டு அவர்களுக்குத் தனியே எழுதுங்கள். சொந்தத் தொகுதிக்காரர் அல்லாத எம்.எல்.ஏ.வுக்கு எழுத உங்களுக்கு இருக்கும் மிக நேரான காரணம் அது.

டெல்லிப் பக்கம்

மூன்று ஆண்டு விதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர்தான் வழி. அவரிடம் கேட்க வேண்டியது சுருக்கமானது: செயற்கை உறுப்பு புதிதாகப் பெற்றவருக்கு, முதல் சாக்கெட் மாற்றத்தை மூன்று ஆண்டுக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். மக்களவையில் எழுத்துபூர்வக் கேள்வியாகவோ, ஒரு பொதுப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர இடம் தரும் 377-ஆவது விதியின் கீழோ இதை எழுப்பலாம். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தலுக்கான நிலைக்குழு, ஏ.டி.ஐ.பி.யின் ஒதுக்கீட்டையும் செலவையும் துறைச் செயலாளரை உட்காரவைத்துக் கேட்கிறது. ஆரவாரமில்லாத இடம், கேமரா இல்லை. அதனாலேயே கட்சி வேறுபாடு பார்க்காமல் பேசுவார்கள். அந்தக் குழுவில் தமிழ்நாட்டு உறுப்பினர் இருந்தால் ஒரு பக்கக் குறிப்பை அவருக்கு ஆங்கிலத்திலும் தயாரித்துக் கொடுங்கள்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே அதில் இறங்க வேண்டும். ஆனால் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. அது சட்டமாகாவிட்டாலும் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய நிலையை உண்டாக்கியது, 2019-இல் சட்டம் வந்தது. வந்த சட்டம் கேட்டவர்கள் கேட்ட வடிவில் இல்லை என்பதும் அதே கதையின் பகுதி.

பதில் வந்த பிறகு

"தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக மாவட்ட அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டது" என்றால், பந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது, கடிதத்தில் உள்ள ந.க. எண்ணை (கோப்பு எண்ணை) குறித்துக்கொண்டு, இது கொள்கை முடிவு கோரும் மனு, மாவட்ட அலுவலருக்கு அதிகாரம் இல்லை என்று அந்த எண்ணைப் பார்வையில் காட்டி மீண்டும் செயலாளருக்கு எழுதுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்றால், எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து என்று தகவல் உரிமையில் கேளுங்கள். "நிதி நிலைக்கேற்ப" என்ற பதில் மோசமானதல்ல. கோரிக்கை சரி, பணம் இல்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாக அதை அடுத்த மனுவில் மேற்கோள் காட்டலாம்.

அரசாணையே வந்துவிட்டால் இனிப்பு வாங்கும் முன் அதை முழுதாகப் படித்துவிடுங்கள். "முன்னோடித் திட்டமாக" என்று இருந்தால் எத்தனை மாவட்டம், எத்தனை காலம் என்று பாருங்கள். "உபகரணங்கள் வழங்க" என்று மட்டும் இருந்து "பழுதுநீக்க, மாற்றிப் பொருத்த" என்ற சொற்கள் இல்லாவிட்டால் நாம் கேட்டது வரவில்லை. இன்னும் கொஞ்சம் கால்கள் முகாமில் வழங்கப்படும், இன்னும் கொஞ்சம் பரண்கள் நிறையும். திருத்த ஆணை கோருவதற்கு அந்த வாரமே சரியான நேரம், கோப்பு அப்போதுதான் மேசையில் இருக்கும்.

சொற்கள் சரியாக இருந்தால் ஆணையின் நகலை அடையாள அட்டைக்காரர்கள், ஊராட்சித் தலைவர்கள், அரசு மருத்துவமனையின் எலும்புமுறிவுப் பிரிவு, எம்.எல்.ஏ.வின் உதவியாளர் எல்லோருக்கும் கொடுங்கள். பட்டியலில் உள்ள பத்தொன்பது பேரிடமும் எழுத்தில் விண்ணப்பம் வாங்கி, ஒப்புகையுடன் மாவட்ட அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, அந்த ஆணையின் கீழ் எத்தனை சாக்கெட்டுகள் மாற்றப்பட்டன, எவ்வளவு செலவானது என்று பொதுத் தகவல் அலுவலரிடம் மறுபடி கேட்க வேண்டும். அதற்கும் பத்து ரூபாய் வில்லைதான்.